வெள்ள நிவாரணமும் வீட்டின் பேஸ்மட்டமும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்பது நம் முன்னோர் கணக்கு. திருப்பதியிலும் சித்தூரிலும் வந்து குடியேறியிருக்கும் நம் குடும்பங்களுக்கு 2021 நவம்பருக்குப் பிறகு அந்தக் கணக்கோடு அச்சமும் சேர்ந்துகொண்டது. அந்த மாதம் 18, 19 தேதிகளில் பெய்த மழையில் திருமலை மலைப்பாதைகளை மூட வேண்டியதாயிற்று. கல்யாணி அணையின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். சுவர்ணமுகி கரை மீறி ஓடியது. திருச்சானூர் பக்கம் ஆற்றங்கரை வீடு ஒன்று அப்படியே தண்ணீருக்குள் சரிந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ராமச்சந்திரபுரம் மண்டலத்தில் உள்ள பழம்பெரும் ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு கண்டு, கீழேயுள்ள ஊர்க்காரர்களை வீட்டைக் காலி செய்துவிட்டு மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். அதே 19ஆம் தேதி அன்றைய கடப்பா மாவட்டத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துக்கொண்டு போய், கீழிருந்த கிராமங்களில் பல உயிர்கள் போயின. நந்தலூருக்கும் ராஜம்பேட்டைக்கும் நடுவே ரயில் பாதையின் அடிமண்ணும் கரைந்து போயிற்று.

இதையெல்லாம் மறுபடி சொல்லி அன்பர்களைக் கலங்கச் செய்வது என் நோக்கமல்ல. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைச் சரிசெய்ய அரசு ஒரு தொகை கொடுக்கிறது. எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று அதே அரசு விதியும் வைத்திருக்கிறது. இந்தப் பணமும் அந்த விதியும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்ப்பதேயில்லை. பணம் வருவாய்த் துறையிலிருந்து வருகிறது, விதி நகராட்சியின் பீரோவில் இருக்கிறது. ஆகவே பணம் வாங்கியவர் அதே பள்ளத்தில் அதே உயரத்தில் மறுபடி சுவர் எழுப்புகிறார். அடுத்த மழைக்கு மறுபடி மனு எழுதுகிறார். இரண்டையும் ஒரே கையில் கொடுத்தாலொழிய இது நிற்காது என்பது என் கருத்து. சிலருக்கு இது கசக்கலாம். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அளவு நிர்ணயம் செய்கிறது. 2015 முதல் 2020 வரைக்கான அளவின்படி, சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு ரூ. 95,100. பாதி சேதமான பக்கா வீட்டுக்கு ரூ. 5,200. மண் வீடு, ஓட்டு வீடு போன்றவற்றுக்கு ரூ. 3,200. குடிசைக்கு ரூ. 4,100. 2021 வெள்ளத்தில் ஆந்திர அரசு இதே ரூ. 95,100, ரூ. 5,200 கணக்கைத்தான் அறிவித்தது. முழுதும் வீடிழந்தவர்களுக்கு மேற்கொண்டு ரூ. 1,80,000 மதிப்பில் புது வீடும் ஒதுக்குவதாகச் சொன்னது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பிறகு 2022 முதல் 2026 வரைக்கான புதிய அளவில் முழுச் சேதம் ரூ. 1,20,000 ஆயிற்று, பக்கா வீட்டின் பகுதிச் சேதம் ரூ. 6,500, கச்சா வீட்டுக்கு ரூ. 4,000, குடிசைக்கு ரூ. 8,000 என்று உயர்ந்தது. துணிமணிக்கு ரூ. 2,500, பாத்திரம் பண்டங்களுக்கு ரூ. 2,500 என்று தனியாக உண்டு.

இதில் இரண்டு நிபந்தனைகள் இருப்பது பலருக்குத் தெரியாது. பகுதிச் சேதம் என்றால் வீட்டில் குறைந்தது 15 சதவீதமாவது சேதமாகியிருக்க வேண்டும். வீடு அனுமதி பெற்றுக் கட்டியதாகவும் இருக்க வேண்டும்; அதற்கு உரிய அதிகாரி சான்று கொடுக்க வேண்டும்.

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. குடியாத்தம் பக்கத்துக் குடும்பம். இருபது வருஷம் சம்பாதித்து வாங்கிய வீடு. தண்ணீர் வடிந்ததும் முழங்கால் அளவு சேறு. அதை வாரிக் கொட்ட ஆள் கூலி, மோட்டார் சுருள் மாற்றச் செலவு, சுவிட்சு போர்டு எல்லாம் மாற்றம். பிளைவுட் கதவுகள் அப்பளமாய் உப்பிவிட்டன. பீரோவில் இருந்த பையனின் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. ஆனால் சுவர் விழவில்லை, கூரை சரியவில்லை. கணக்கெடுக்க வந்த ஊழியர் சுற்றிப் பார்த்து, "வீடு நன்றாகத்தானே இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்த படிவத்தில் விழுந்த சுவருக்குத்தான் கட்டம் இருந்தது. நனைந்த வாழ்க்கைக்குக் கட்டம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டுச் சேதத் தொகை வீட்டுக்காரருக்குப் போகும், அது நியாயம். குடியிருப்பவருக்குத் துணி, பாத்திரத் தொகைதான். அதற்கும் வந்தவுடன் கேட்பது ரேஷன் கார்டு. கார்டு வேலூரிலோ திருத்தணியிலோ மாமனார் வீட்டு அலமாரியில் இருக்கும். "ஒரே நாடு ஒரே கார்டு" திட்டத்தில் அரிசியை எங்கும் வாங்கலாமே என்று வாதாடிப் பயனில்லை. அது உணவுப் பாதுகாப்புச் சட்ட அரிசிக்கான ஏற்பாடு, வெள்ள நிவாரணத்துக்கு அல்ல. இங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்கள் இந்த ஊர் முகவரியில் ஆதாரும் கார்டும் மாற்றிக்கொள்ளாமல் இருப்பது பிறந்த ஊர்ப் பாசம் என்று நினைக்கிறோம். வெள்ளக் காலத்தில் அந்தப் பாசத்துக்கு விலை உண்டு.

மத்திய அளவுக்கு மேல் மாநிலம் கொடுக்க முடியாதா என்றால், மனம் இருந்தால் முடியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மூழ்கிய சென்னையில் தமிழக அரசு கார்டுக்கு ரூ. 6,000 கொடுத்தது. 2024 செப்டம்பரில் புடமேறு பெருகி விஜயவாடா மூழ்கியபோது ஆந்திர அரசு தரைத்தள வீட்டுக்கு ரூ. 25,000, மாடி வீட்டுக்கு ரூ. 10,000 என்று அறிவித்தது. சுவர் விழுந்ததா என்று பாராமல், தண்ணீர் எந்தத் தளத்தில் நின்றது என்று பார்த்த அந்த ஏற்பாடு புத்திசாலித்தனமானது. என்னைக் கேட்டால் அதை ஒரு நகரத்துக்கு ஒரு முறை கொடுத்த சலுகையாக விடாமல், திருப்பதிக்கும் சித்தூருக்கும் எந்த ஊருக்கும் பொருந்தும் நிரந்தர விதியாக எழுதிவைக்க வேண்டும்.

இனி நிலத்து விதிகளுக்கு வருவோம். 2017ஆம் ஆண்டின் ஆந்திரக் கட்டட விதிகளைப் படித்துப் பார்த்தால் ஒன்றும் குறையில்லை. ஆற்றுப் படுகையிலும், ஏரி குளங்களின் முழு நிறைமட்டத்துக்குள்ளும் எந்தக் கட்டடமும் கூடாது. ஆற்றின் ஓரத்திலிருந்து நகராட்சி எல்லைக்குள் 50 மீட்டர், வெளியே 100 மீட்டர் விட வேண்டும். பத்து ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள ஏரியானால் நிறைமட்டக் கோட்டிலிருந்து 30 மீட்டர், சிறிய ஏரி குட்டையானால் 9 மீட்டர். கால்வாய், ஓடைக்கும் இடைவெளி சொல்லியிருக்கிறது. இவ்வளவும் காகிதத்தில். நிறைமட்டக் கோடு எங்கே ஓடுகிறது என்று மனை வாங்குகிறவருக்கு யார் காட்டுகிறார்கள்? ஏரி வறண்டு கிடக்கும் சித்திரை மாதத்தில் கொடி கட்டி, பந்தல் போட்டு, மோர் கொடுத்து மனை விற்கிறார்கள். அங்கே கல்லும் இல்லை, கோடும் இல்லை.

நாம் தமிழர்களாக இருப்பதில் இங்கே ஒரு சங்கடம் வேறு. ஊர்ப் பெயரே எச்சரிக்கை சொல்லும், நமக்குத்தான் காதில் விழாது. தெலுங்கில் செருவு என்றால் ஏரி, குண்ட என்றால் குட்டை, கட்ட என்றால் கரை, வாகு, வங்க என்றால் ஓடை, காலுவ என்றால் கால்வாய், தூமு என்றால் மதகு. திருப்பதி நகருக்கு நடுவே கங்கம்மன் கோயில் கொண்டிருக்கும் இடத்தின் பெயர் தாத்தய்யகுண்ட. ஜாத்திரைக்குப் போய்ப் பொங்கல் வைக்கிறோம். அந்தப் பெயரில் ஒரு நீர்நிலை இருப்பதை நினைக்கிறோமா? சித்தூரில் கட்டமஞ்சி என்றால் கல்வியாளர் சி. ஆர். ரெட்டியின் குடும்பப் பெயர் நினைவுக்கு வரும். அங்கே ஒரு பெரிய ஏரியும் உண்டு. மனைப் பத்திரத்தில் எல்லை சொல்லும் இடத்தில் இந்தச் சொற்களில் ஒன்று கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்தி, தெலுங்கு தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு மறுபடி படிக்க வேண்டும்.

பத்திரம் பதிவாகிவிட்டதே, வங்கி கடன் கொடுத்ததே, வீட்டு வரி கட்டுகிறோமே, மின் இணைப்பு கொடுத்தார்களே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். 2024இல் ஐதராபாத்தில் ஏரிகளின் நிறைமட்டத்துக்குள் இருந்த கட்டடங்களை ஹைட்ரா அமைப்பு இடித்தபோது இந்தத் தைரியம் எவ்வளவு பயன்பட்டது என்று பார்த்தோம். பெரிய நடிகர் ஒருவரின் மண்டபமே ஆகஸ்டு மாதத்தில் தரைமட்டமாயிற்று. வரி வாங்கிக்கொண்டது அனுமதி ஆகாது.

ஏரிக்கும் ஆற்றுக்கும் இவ்வளவு மீட்டர் விடு என்பதோடு விதி நின்றுவிடுகிறது. பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம் எதுவரை ஏறும், நூறாண்டுக்கு ஒரு முறை வருவது எதுவரை என்று வரைபடம் போட்டு, எந்த வளையத்தில் மருத்துவமனை, எந்த வளையத்தில் வீடு, எந்த வளையத்தில் விளையாட்டுத் திடல் மட்டும் என்று பிரிக்க ஒரு மாதிரிச் சட்டத்தை மத்திய அரசு 1975லேயே எழுதி எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகியவை அதன் வழியில் சட்டம் இயற்றின. இதில் ஆந்திரம் தமிழகம் என்ற பேதமில்லை. இரண்டுமே அப்போது அதைக் கிடப்பில் போட்டவைதான்.

இந்த இடத்தில் என் பழைய தொழிலைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை தண்ணீரோடுதான் எங்களுக்கு வழக்கு. ஒவ்வொரு பாலத்தின் தூணிலும் அதுவரை கண்ட உச்ச வெள்ள மட்டத்தையும் அபாய மட்டத்தையும் பெயிண்டால் எழுதி வைப்போம். வண்டியில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். கணக்கிட்ட வெள்ளம் பாலத்தடியில் தேங்கி ஏறும் உயரத்தையும் சேர்த்து, அதற்கு மேல் குறைந்தது ஒரு மீட்டராவது உயரத்தில் பாதையின் மண்கரை இருக்க வேண்டும் என்பது விதி. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒரு பதிவேடு. பாதைக்கு மேல்புறம் எந்தெந்த ஏரிகள் உடைந்தால் தண்டவாளத்துக்கு ஆபத்து என்று பட்டியல் உண்டு. "ரயில்வேயைப் பாதிக்கும் ஏரிகள்" என்று அதற்குப் பெயர். மழைக்கு முன் ரயில்வே பொறியாளரும் மாநில அரசின் பொறியாளரும் சேர்ந்து போய்க் கரை பலமாக இருக்கிறதா, கலிங்கு அடைபட்டிருக்கிறதா, வரத்துக் கால்வாயில் யாராவது குறுக்கே கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். குறை இருந்தால் கடிதம் போகும். மழைக் காலத்தில் ஆபத்தான இடங்களில் இரவும் பகலும் ஆள் நிறுத்துவோம்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2005 அக்டோபர் 29 அன்று நல்கொண்டா மாவட்டத்தில் வலிகொண்டா அருகே, மேலே ஏரி உடைந்த வெள்ளம் சிறிய பாலம் ஒன்றின் மண்கரையை அடித்துப் போக, டெல்டா பாசஞ்சர் அதில் விழுந்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். வழியில் போகும் வண்டிக்கே இத்தனை முன்னேற்பாடு வேண்டியிருக்கும்போது, ராத்திரி முழுக்க ஓரிடத்தில் தூங்கும் வீட்டுக்கு "வீடுகளைப் பாதிக்கும் ஏரிகள்" என்று ஒரு பதிவேடு ஏன் இருக்கக்கூடாது? ராயலசெருவுக்குக் கீழே எந்தெந்தத் தெரு, பேரூர் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் எந்தக் காலனி வழியாகப் போகும் என்று ஒரு தாளில் எழுதி ஊர்ச் செயலகத்துச் சுவரில் ஒட்டினால் போதும். இதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை.

ரயில்வேயிலிருந்து இன்னொரு பாடம். சித்தூர் நகர் வழியாக ஓடும் நீவா நதிதான் தமிழகத்துக்குள் போய்ப் பொன்னையாறு என்று பெயர் பெறுகிறது. 2021 நவம்பரில் பெருகி ஓடிய அந்தப் பொன்னையாற்றின் மேல் முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையே உள்ள ரயில் பாலத்தில், டிசம்பர் கடைசி வாரத்தில் சேதம் கண்டு ரயில்களை நிறுத்தினார்கள். வெள்ளம் வடிந்து ஒரு மாதம் ஆன பிறகு! தண்ணீர் செய்யும் கெடுதலில் பாதி மெதுவாக வெளிவரும். திருச்சானூர் வீட்டையும் எண்ணிப் பாருங்கள். ஆற்றங்கரை வீட்டைத் தண்ணீர் இடித்துத் தள்ளுவதைவிட, அடியிலிருந்த மண்ணை அரித்துவிட்டு உட்கார வைப்பதே அதிகம். நம் வீடுகளிலும் அப்படித்தான். அஸ்திவாரத்தடியில் மண் கரைந்திருந்தால் சுவர் காய்ந்து தரை இறங்கும்போதுதான் மூலையில் விரிசல் தெரியும். ஆனால் கணக்கெடுப்போ சேறு காய்வதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முதல் கணக்கெடுப்பு நடந்து நாற்பது, ஐம்பது நாள் கழித்து இரண்டாவது பார்வை ஒன்று கட்டாயம் வேண்டும், அதுவும் ஒரு பொறியாளரோடு.

பணத்தையும் விதியையும் சேர்த்துக் கட்டுவது எப்படி என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழி இருக்கிறது. அங்கே இருக்கும் நம் பிள்ளைகளில் ஹூஸ்டன் பக்கம் வீடு வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1968லிருந்து அரசே நடத்தும் வெள்ளக் காப்பீட்டில் சேர்ந்த ஊர்களில், வெள்ள வளையத்துக்குள் இருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புச் செலவு, சேதத்துக்கு முன் அந்த வீட்டுக்கு இருந்த மதிப்பில் பாதியை எட்டினால், பழையபடி கட்ட விடமாட்டார்கள். இன்றைய விதிப்படி தரையை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்தியே தீர வேண்டும். அதற்காகக் காப்பீட்டிலிருந்தே தனியாக 30,000 டாலர் வரை கொடுக்க வழி இருக்கிறது. போதவில்லை என்று அங்கேயும் சண்டைதான். 1993இல் மிசிசிப்பி வெள்ளத்தில் மூழ்கிய இல்லினாய் மாநிலத்து வால்மேயர் என்ற சிற்றூரை, அரசுப் பணத்தோடு பக்கத்துக் குன்றின் மேல் கொண்டுபோய்ப் புதிதாகவே கட்டிவிட்டார்கள். எல்லாம் அமெரிக்காவைப் போல வேண்டும் என்று சொல்கிற ஆள் நானல்ல. அங்கே மரச்சட்ட வீடு, தூக்கி வைப்பது சுலபம். ஆனால் பணம் கொடுக்கும் கையே நிபந்தனையும் விதிக்கிறது என்ற அந்த ஒரு கருத்து மட்டும் இங்கே இறக்குமதிக்குத் தகுந்தது.

நம் கணக்கில் போட்டுப் பார்க்கிறேன். ஆயிரம் சதுர அடி வீட்டின் தரையை ஒன்றரை அடி உயர்த்த 1,500 கன அடி, அதாவது பதினைந்து யூனிட் மண் வேண்டும். சுவர்களின் இடத்தைக் கழித்தாலும் பன்னிரண்டு, பதின்மூன்று யூனிட். பிறகு ஜல்லி போட்டுக் கான்கிரீட், அதன் மேல் தரை, கதவு நிலைகளை உயர்த்துவது, படி. ரூ. 6,500 என்பது கிராவல் மண்ணைக் கொண்டுவந்து இறக்கவே போதாது. வீட்டை அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலை சென்னையில் இப்போது சாதாரணமாகிவிட்டது, அரியானா பக்கத்து ஆட்கள் வந்து செய்கிறார்கள். செலவு நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாது. (நகராட்சி பழைய தாரைச் சுரண்டாமல் வருஷா வருஷம் மேலே மேலே சாலை போட்டுக்கொண்டே போவதால் நாம் உயர்த்திய தரை ஐந்து வருஷத்தில் மறுபடி பள்ளமாகிவிடும் என்பது தனிக் கதை. ரயில் பாதையில் ஜல்லி போட்டு உயர்த்தும்போது எவ்வளவு உயர்த்தினோம் என்று கணக்கு வைப்போம். சாலைக்காரர்களுக்கு அந்தக் கணக்கு உண்டா?)

ஆகவே நான் கேட்பது இதுதான். பகுதிச் சேதத் தொகையை இரண்டாகப் பிரிக்கட்டும். தண்ணீர் நின்ற எல்லா வீட்டுக்கும் சேறு வார, மின்கம்பி மாற்ற ஒரு தொகையை நிபந்தனையில்லாமல் உடனே கொடுக்கட்டும்; அதற்கு அனுமதிச் சான்று கேட்கவே கூடாது. பசித்தவனிடம் பட்டா கேட்பது தர்மமல்ல. இரண்டாவது தொகை பெரியதாக, உண்மையில் வேலை நடக்கும் அளவுக்கு இருக்கட்டும். அது தரையை உயர்த்துபவருக்கு மட்டும். பேஸ்மட்டம் உயர்ந்ததைப் பொறியாளர் அளந்து பார்த்த பிறகு பாக்கித் தவணை. நிறைமட்டத்துக்குள்ளும் ஆற்றுப் படுகையிலும் இருக்கும் வீட்டுக்கு அந்த இரண்டாவது தொகை கிடையாது. அதற்குப் பதில் மேட்டில் மனையும் கட்டப் பணமும். மனைக்கும் பணத்துக்கும் முன்னால் புல்டோசர் வரக்கூடாது.

இதற்கு வரக்கூடிய எதிர்ப்பு எனக்குத் தெரியும். "ஏற்கெனவே கொடுக்க மனமில்லாதவர்களுக்கு நீங்கள் இன்னொரு சாக்கு எடுத்துக் கொடுக்கிறீர்கள்" என்று சங்கத்தில் ஒரு நண்பர் என்னிடம் கோபப்பட்டார். அவர் பயம் நியாயமானது. ஆற்றோரத்தில் இருப்பவர்களில் பலர் வேறு இடத்தில் வாடகை கொடுக்க முடியாமல் அங்கே போனவர்கள். ஏரிக்குள் மனை போட்டு விற்றவரோ மேட்டில் பங்களா கட்டிக்கொண்டு வாழ்கிறார். அதனால்தான் மாற்று மனையின் செலவை விற்றவரிடமிருந்தும், வரைபடத்துக்கு அனுமதி கொடுத்தவரிடமிருந்தும் வசூலிக்க வேண்டும் என்கிறேன். ஆனால் நண்பர் சொல்லும் வழியில் போனால், மழைக்கு மழை ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அந்தக் குடும்பம் அங்கேயே இருக்கும். அதை உதவி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அரசு மாறும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டைக் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஏற்பாடு செய்திருக்கிறது. தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கு அந்தத் தொகையில் 20 சதவீதம், பத்து லட்சம் ரூபாய் வரை, தானாகவே சேரும். வாடகைக்கு இருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரு சக்கர வண்டிக்கு மறக்காமல் காப்பீடு கட்டும் நாம் வீட்டை விட்டுவிடுகிறோம். பழுது பார்க்கும்போதும் சில காரியங்கள் நம் கையில்தான். சுவர் நன்றாக உலரும் முன் பூசக்கூடாது. பூசினால் ஆறே மாதத்தில் உதிரும். சுவிட்சு போர்டை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். சுற்றுச்சுவரின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விடுங்கள். இல்லாவிட்டால் ஒருபுறம் தேங்கிய நீரே சுவரைச் சாய்க்கும். வெள்ளம் நின்ற உயரத்தை வெளிச் சுவரில் அழியாத பெயிண்டால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள். அடுத்த முறை அதிகாரி வரும்போது உங்கள் வாய்ச்சொல்லைவிட அந்தக் கோடு அதிகம் பேசும்.

நம் சங்கச் செயற்குழுவுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த புரட்டாசிக்குள் உறுப்பினர் குடும்பங்கள் இருக்கும் பகுதிகளில் எந்த ஏரி, எந்தக் கால்வாய் அருகில் இருக்கிறது, அதன் நிறைமட்டக் கோடு எந்த சர்வே எண் வழியாகப் போகிறது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீர்ப்பாசனத் துறையிடமும் மண்டல வருவாய் அலுவலகத்திடமும் கேட்டு வாங்கிவிடலாம். கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன், மொத்தம் ஏழு. தெலுங்கில் பிழையில்லாமல் எழுதித்தர நம் உறுப்பினர்களில் ஒரு பள்ளி ஆசிரியர் முன்வந்திருக்கிறார். வீட்டின் சர்வே எண்ணும் 2021இல் தண்ணீர் நின்ற உயரமும் தெரிந்தவர்கள் சங்க அலுவலகத்துப் பதிவேட்டில் எழுதிவைத்தால், மனுவோடு அந்தப் பட்டியலையும் இணைத்து அனுப்பலாம்.